தனிக் குவளை கேட்பவர்

காப்பியில் கோதுமை கிடையாது. காப்பிக்கொட்டை ஒரு பழத்தின் விதை. சிக்கரி ஒரு செடியின் வேர். பாலும் சர்க்கரையும் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே ஒருவர் கல்லாவின் முன் நின்றுகொண்டு, "இதில் கோதுமையோ பார்லியோ சேர வாய்ப்பிருக்கிறதா?" என்று கேட்கும்போது பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. இலக்கியக் கூட்டங்களின் உண்மையான விவாதங்கள் கூட்டம் முடிந்தபின் காப்பிக்கடைகளில்தான் நடக்கின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கடைகளில் இக்கேள்வியைக் கேட்கும் நண்பர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அவர் கேட்பது சரியான கேள்வி என்பதும், அதைக் கேட்பதற்குத் தமிழ் அவருக்கு ஒரு நல்ல சொல்லைக்கூடத் தரவில்லை என்பதும் நம் கட்சி.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள க்ளூட்டன் என்னும் புரதம் (பாடநூல் தமிழில் பசையம்) உள்ளே போனதும், சிலருக்கு உடலின் காவல்படை தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் இருக்கும் நுண்விரல்கள் தேய்ந்து தட்டையாகின்றன. தொடர்வன இரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். மருந்து கிடையாது; க்ளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவது ஒன்றே வழி. இவ்வளவு எளிய வழியைக் கண்டறிய ஒரு பஞ்சம் தேவைப்பட்டது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, இந்நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறிவந்ததையும், ரொட்டி மீண்டும் வந்ததும் அவர்கள் மறுபடி நலிந்ததையும் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். கோதுமையின்மேல் அவருக்கு ஏற்கெனவே இருந்த ஐயம் உறுதிப்பட்டது. 1950இல் அதையே தம் ஆய்வேடாக எழுதினார்.

'கொஞ்சம்தானே' என்று சொல்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2007இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் க்ளூட்டனை மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்ட நோயாளிகளின் குடலில் சேதம் தெரிந்தது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரையில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்பது இன்றைய பொதுக் கணிப்பு. ஒரு ரொட்டித் துண்டில் ஏறத்தாழ 2 கிராம் க்ளூட்டன் இருக்கிறது. அதை இருநூறு பங்காக்கினால் வருவது 10 மில்லிகிராம். மேசையைத் துடைக்கும்போது நாம் கவனிக்காமல் விடும் துணுக்கு அது.

தமிழகத்தில் இந்த நோயைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் மூன்று பகுதிகளில் எடுக்கப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நோயின் அடையாளமான எதிர்ப்புரதங்கள் வடக்கே 1.23 விழுக்காட்டினரின் இரத்தத்தில் இருந்தன; தெற்கே 0.10 விழுக்காட்டினரிடம் மட்டும். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்களோ இரு பகுதிகளிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இருக்கின்றன. வேறுபட்டது தட்டு. வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். அரிசி நம்மைக் காத்துவந்திருக்கிறது என்று சொல்லலாம். பரோட்டாவும் பன்னும் கேக்கும் நம் தெருக்களை எடுத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், அந்தக் காவல் எவ்வளவு காலத்துக்கு என்ற கவலையும் எழுகிறது. அது கிடக்க; தெற்கே நோயாளிகள் குறைவு என்பதால் நோயாளியின் துன்பம் குறைந்துவிடுவதில்லை, கூடத்தான் செய்கிறது. பஞ்சாபில் கடைக்காரருக்கு ஒருவேளை இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். இங்கே நம் நண்பர் ஒவ்வொரு கடையிலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இனி காப்பிக்கு வருவோம். கொட்டையில் இல்லாத க்ளூட்டன் கோப்பைக்குள் எப்படி வருகிறது?

காப்பியை இத்தாலியர் அளவுக்குத் தீவிரமாக எடுத்துக்கொள்பவர்கள் குறைவு (கும்பகோணத்தார் பொறுத்தருள்க). அவர்களுடைய கடைகளில் 'ஓர்ஸோ' என்று ஒரு பானம் உண்டு. வறுத்த பார்லியைப் பொடித்து, காப்பி இறக்கும் அதே இயந்திரத்தில் இறக்குவார்கள். போர்க்காலத்தில் காப்பிக்கொட்டை கிடைக்காதபோது பரவிய பழக்கம். காப்பியின் விழிப்பு வேண்டாதவர்கள் இன்றும் விரும்பிக் குடிக்கிறார்கள். கைப்பிடியோடு கூடிய சிறு வடிகட்டியில் பொடியை அழுத்தி இயந்திரத்தில் பொருத்துகிறார்கள். பார்லி இறங்கிய வடிகட்டியைத் தட்டிவிட்டு அதிலேயே அடுத்த காப்பிப்பொடியை நிரப்பினால், ஒரு பாவமும் அறியாத கறுப்புக் காப்பியில் பார்லி சேர்ந்துவிடும். எனவே அங்கே நோயாளி கேட்கவேண்டிய கேள்வி, 'ஓர்ஸோவுக்குத் தனி வடிகட்டி வைத்திருக்கிறீர்களா?' என்பது. கேட்டால் யாரும் சிரிப்பதில்லை என்கிறார்கள். அந்நாடு 2005இல் இந்நோயாளிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, பள்ளி, மருத்துவமனை உணவுக்கூடங்களில் கேட்டால் க்ளூட்டன் அற்ற உணவு தரவேண்டும் என்று விதித்தது. 2023இல் குழந்தைகளுக்குப் பொதுப் பரிசோதனைக்கும் சட்டம் செய்தது. கடைக்காரர் சிரிக்காமலிருப்பதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நம் ஊரின் ஓர்ஸோ ஹார்லிக்ஸ். அமெரிக்காவில் குடியேறிய இரண்டு ஆங்கிலேயச் சகோதரர்கள் 1883இல் காப்புரிமை பெற்ற அந்தப் பொடி, கோதுமை மாவும் முளைகட்டிய பார்லியும் பாலும் சேர்ந்தது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் வாங்கிப்போகும் பொருள் அது என்பதில் உள்ள முரணை விட்டுவிடுவோம். பூஸ்ட், போர்ன்விட்டா, மைலோ எல்லாவற்றிலும் பார்லி மால்ட் உண்டு. தேநீர்க்கடை மாஸ்டரின் கையைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஹார்லிக்ஸ் பொடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்கிய கரண்டி, மேடைமேல் இருக்கும் ஒரு தண்ணீர்க் குவளைக்குள் போகிறது. காலையிலிருந்து அதே தண்ணீர். அதன் நிறத்தை வர்ணிக்க நமக்கு விருப்பமில்லை. அடுத்த காப்பிக்குச் சர்க்கரை கலக்க அதே கரண்டி வெளியே வருகிறது. ஹார்லிக்ஸை ஆற்றிய அதே நீளக்கைக் குவளையில் காப்பி ஆற்றப்படுகிறது. நம் காப்பியின் அழகே அந்த ஆற்றலில்தான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேயேதான். போதாததற்குக் கோப்பையையே தின்னலாம் என்று பிஸ்கட்டில் கோப்பை செய்யும் கடைகளும் வந்துவிட்டன. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள், இருக்கலாம். மைதாக் கோப்பையில் ஊற்றிய காப்பி நம் நண்பருக்கு ஆகாது.

குளிரூட்டிய நவீனக் கடைகளில் பாத்திரம் வேறு, கதை ஒன்று. பாலை நுரைக்கவைக்கும் நீராவிக் குழாய் இப்போது ஓட்ஸ் பாலுக்குள்ளும் போகிறது. ஓட்ஸில் இருப்பது வேறு புரதம், பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் வயலிலும் கிடங்கிலும் ஆலையிலும் அது கோதுமையோடும் பார்லியோடும் கலந்தே வருகிறது. இதில் நாடுகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் க்ளூட்டன் இருந்தால் ஓட்ஸ் பாலையும் 'க்ளூட்டன் அற்றது' என்று விற்கலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்ஸ் சேர்ந்த எதையும் அப்படி விற்கமுடியாது. குளிர் காப்பி அடிக்கும் மிக்ஸியில் இதற்கு முன் பிஸ்கட் அடித்திருப்பார்கள். சாக்லேட் பொடியில் மால்ட் இருக்கக்கூடும். கேக்கை எடுத்த இடுக்கியும் கையும் பிறகு கோப்பையின் விளிம்பைத் தொடும்.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையையும் தீர்த்துவிடவேண்டும். 'கொதிக்கிற பால்தானே, நீராவிதானே, எல்லாம் போய்விடும்' என்கிறார்கள். க்ளூட்டன் கிருமி அன்று, சூட்டில் சாகாது. அடுப்பில் வெந்த ரொட்டியில் அது இருப்பதே போதிய சான்று. தேய்த்துக் கழுவினால் மட்டுமே போகும். தீ எல்லாவற்றையும் தூய்மையாக்கும் என்ற எண்ணம் நம் மனத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை, படித்த நண்பர்களிடமே இதைத் திரும்பத் திரும்ப விளக்கநேர்ந்தபோது உணர்ந்தோம்.

இந்தத் தூய்மை என்ற சொல்லில்தான் சிக்கலே தொடங்குகிறது. நம் நண்பர் ஒருமுறை ஒரு சிற்றூர்க் கடையில், "வேறு குவளையில் ஆற்றித் தரமுடியுமா?" என்று பணிவாகவே கேட்டார். மாஸ்டரின் முகம் மாறிவிட்டது. "ஏன், இந்தக் குவளைக்கு என்ன? யாரு குடிச்சா என்ன?" என்றார். நண்பர் வெலவெலத்துப்போனார். அந்த மாஸ்டரிடம் நம்மால் குற்றம் காண இயலவில்லை. அவருடைய செவிக்கு அக்கேள்வி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நம் வரலாறு தெரிந்த எவரும் ஊகிக்கலாம்.

தமிழ் நிலத்தில் காப்பிக்கும் குவளைக்கும் சாதிக்கும் உள்ள உறவு புதிதன்று. காப்பி இங்கே வந்து குடியேறிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகைக்கு எதிராக 1957இல் பெரியார் மறியல் நடத்தியது திருவல்லிக்கேணியில் ஒரு கபேயின் முன்னால்தான். கிராமத் தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளையோ 1955ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் கூரைக் கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் வந்து தனிக் குவளை கேட்டால், கேட்கப்படுவது எதற்காக என்று கடைக்காரர் எப்படி எடுத்துக்கொள்வார்?

சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒரு பொருளில் இருந்தது இன்னொரு பொருளில் ஒட்டுவதைச் சொல்ல நம் அன்றாடத் தமிழில் இருப்பவை எச்சில், தீட்டு, மடி, பத்து. எல்லாம் மனிதர்களைத் தரம்பிரித்த சொற்கள், அல்லது அத்தகைய வீடுகளில் புழங்கிய சொற்கள். 'கலப்படம்' என்றால் கடைக்காரரைத் திருடன் என்பதாகிறது. 'அசுத்தம்' என்றால் அவர் குளிக்கவில்லை என்பதாகிறது. பாத்திரத்தைக் குறைசொல்லாமல், மனிதரைக் குறைசொல்லாமல், வெறும் பொடி ஒட்டியிருப்பதை மட்டும் சொல்லும் ஒரு சொல் அகப்படவில்லை. மருத்துவ நூல்களில் 'குறுக்கு மாசுறல்' என்று எழுதுகிறார்கள். அதைக் கல்லாவின் முன் சொல்லிப் பார்க்க வாசகர்களை அழைக்கிறோம்.

இதற்கு நேர்மாறான திசையிலிருந்து வரும் ஒரு தொல்லையையும் சொல்லவேண்டும். 'பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் பத்து பார்த்ததற்கு அறிவியல் காரணம் இருக்கிறது' என்று கிளம்பிவிடுபவர்கள் உண்டு. சோறு தொட்ட கையால் பாலைத் தொடக்கூடாது என்ற வழக்கத்தில் க்ளூட்டனுக்கு என்ன வேலை? சோற்றில் அது கிடையவே கிடையாது. தனிக் கரண்டி என்ற வெளித்தோற்றம் மட்டுமே பொது. தீட்டு என்பது பிறப்பால் வருவதாகச் சொல்லப்பட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்பதுதான் அதன் கொடுமை. க்ளூட்டன் ஒரு பொருள். மில்லிகிராமில் அளக்கலாம், சோப்பும் தண்ணீரும் பட்டால் போய்விடும், எவர் கையிலிருந்தும் எவர் கைக்கும் சாதி பார்க்காமல் போகும். தனிக் குவளை கேட்கும் நம் நண்பர், தம்மோடு வந்த அனைவருடனும் ஒரே மேசையில் அமர்வதற்காகத்தான் அதைக் கேட்கிறார்.

ஆகவே கேட்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். நண்பரின் பட்டறிவைக் கொண்டே எழுதுகிறோம். 'க்ளூட்டன் இல்லாத காப்பி இருக்கிறதா?' என்று கேட்பதில் பயனில்லை. 'இருக்கு சார்' என்ற விடைதான் வரும், எதைக் கேட்டாலும் வருவதுபோல. பொடியின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும்: இந்தக் கரண்டியால் ஹார்லிக்ஸ் கலக்கினீர்களா, இந்தக் குழாயில் ஓட்ஸ் பால் நுரைத்தீர்களா, இந்த மிக்ஸியில் பிஸ்கட் அடித்தீர்களா? பெயர் சொன்னதும் விடையும் உண்மையாகிவிடுகிறது. மாஸ்டருக்குத் தாம் செய்தது நினைவிருக்கும். கேட்பதற்கு முன், 'எனக்கு ஒரு குடல் நோய், கோதுமைப் பொடி துளி பட்டாலும் ஆகாது, டாக்டர் விலக்கியிருக்கிறார்' என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடுவது நல்லது. நோய் என்ற சொல் வந்தவுடன் முகங்கள் இளகுகின்றன. பரிமாறுபவர் வழியாகச் சொல்லியனுப்பாமல் கலக்குபவரிடமே நேரில் சொல்லவேண்டும். கூட்டமில்லாத நேரம் மேல். காலையில் கடை திறந்ததும் போடும் முதல் காப்பி எல்லாவற்றிலும் மேல். ஆற்றாமல், கழுவிய டம்ளரில் டிகாக்‌ஷனையும் பாலையும் தனித்தனியே ஊற்றி வாங்கிக்கொண்டால் பாதிக் கவலை தீரும். சொந்த டம்ளர் கொண்டுபோவது கடைசிப் படியை மட்டுமே காக்கும். குவளையும் கரண்டியும் கடையுடையவைதானே. காப்பியோடு வடை வேண்டாம். உளுந்து நல்லதுதான், ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கிறது.

கேட்பவர்மேலேயே எல்லாப் பொறுப்பையும் சுமத்துவது முறையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து, தட்டில் பரிமாறும் உணவுக்கும் 14 ஒவ்வாப் பொருள்களைப் பற்றிய தகவலைத் தரவேண்டியது கடையின் கடமை. க்ளூட்டன் உள்ள தானியங்கள் அவற்றில் ஒன்று. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள கடைகளுக்கு இதைப் போன்ற கடமையை விதிக்கின்றன. 'க்ளூட்டன் அற்றது' என்பதற்கு இங்கேயும் கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் வரம்பு. 150 கிராம் காப்பியில் அது 3 மில்லிகிராம், தாங்கக்கூடியது. விதி இருக்கிறது. கல்லாவில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரிய சங்கிலிக் கடைகள், 'பொதுக் கருவிகளைப் பயன்படுத்துவதால் எதற்கும் உறுதி தர இயலாது' என்று ஒரு வரியை மூலையில் அச்சிட்டுவிட்டு நிம்மதியாகின்றன. அது பொய்யன்று. எதைத் தவிர்த்தால் ஆபத்து குறையும் என்று சொல்லாத உண்மையால் யாருக்கு லாபம் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. இதைவிட, 'தெரியலை சார், டப்பாவைக் காட்டுறேன், நீங்களே படிச்சுப் பாருங்க' என்று பொடி டப்பாவை எடுத்து நீட்டிய ஒரு சிறு கடைக்காரரை நாம் மதிக்கிறோம்.

மோஸ்தருக்காக க்ளூட்டனை விலக்குபவர்கள்மீது நண்பருக்கு நம்மைவிடக் கோபம் அதிகம். அவர்களால்தான் சந்தைக்கு இத்தனை பொருள்கள் வந்தன என்பதை அவரும் மறுப்பதில்லை. ஆனால் க்ளூட்டன் அற்ற காப்பி வேண்டும் என்று பத்து நிமிடம் விசாரித்துவிட்டு, பக்கத்து மேசைக் கேக்கில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டுக்கொள்ளும் ஒருவரைப் பார்த்த பணியாளர், அடுத்து வரும் நோயாளியை நம்பமாட்டார். அந்த ஒரு துண்டு கேக்கின் விலையை நண்பர்தான் கொடுக்கிறார்.

நம் மாதக் கூட்டத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து காப்பி வருகிறது. நண்பருக்காகக் கடைக்காரரிடம் பேசினோம். காலையில் ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே ஒரு சிறு பிளாஸ்க்கில் தனியாக ஊற்றிவைக்க ஒப்புக்கொண்டார். பிஸ்கட் தட்டை வேறு மேசைக்கு நகர்த்திவிட்டோம். அவர் போகும்போது திரும்பி வந்து, "சாயங்காலம் சுக்குக் காப்பி கேப்பீங்களே, அந்தப் பொடி பாக்கெட்லயும் பாக்கணுமா?" என்றார். பார்க்கத்தான் வேண்டும் என்றோம். பாக்கெட்டோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.